நான் கழற்றிய பதினாறு பக்கங்கள்

மகளே, கப்பலில் வாசிக்க வேண்டும் என்று நீ கேட்ட இரண்டு கதைப் புத்தகங்களையும் எடுத்து வைத்துவிட்டேன். உன் நீலப் பெட்டியின் மேல், அம்மா மடித்து வைத்திருக்கும் சட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை முடித்த பிறகு அவற்றைத் திற. முன்னாலேயே திறந்துவிடாதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு, கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிற பழக்கம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். மூன்று நாளாக நேரில் சொல்லத்தான் பார்க்கிறேன். வாயைத் திறந்தால் "சாப்பிட்டியாளா" என்பதுதான் வருகிறது. நேற்று மட்டும் ஐந்து தடவை கேட்டிருக்கிறேன். ஐந்தாவது தடவை நீ என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாய். காய்ச்சல் இல்லை, மகளே. பயம். இதை நீ யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம். பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டுகிற தகப்பன் எவனாவது இதைப் படித்தால் இன்னும் நல்லது.

பயத்தைப் பற்றி எழுத இந்த ஊரில் எனக்கு இருக்கிற தகுதி வேறு எவனுக்கும் கிடையாது. படகு வைத்திருந்த வீட்டில் பிறந்து, படகில் கால் வைக்காமலே ஐம்பத்தாறு வயதைத் தொட்ட ஆள் திரேஸ்புரத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடமாகப் புத்தகம் பைண்டிங் செய்து பிழைக்கிறேன். எனக்குப் பிறந்த நீ, சனிக்கிழமை காலை வாகைக்குளத்தில் விமானம் ஏறி, சென்னை போய், சிங்கப்பூர் போய், அங்கே நிற்கும் சரக்குக் கப்பலில் டெக் கேடட் என்கிற பயிற்சி அதிகாரியாக ஏறப்போகிறாய். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னை நிறுத்துகிறார்கள். "என்ன அண்ணே, ஒம்ம மக கப்பலுக்குப் போவுதாம்லா! நீரு வள்ளத்துல ஏறச் சொன்னாலே வயித்த வலிக்குன்னு சொல்லுவீரு!" என்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வயிறு நிஜமாகவே வலிக்கிறது. ஏனென்றால் உன்னைக் கடலுக்கு அனுப்பியது உன் படிப்பும் இல்லை, கடல் தொழில் செய்கிற உன் மாமாவும் இல்லை. நான் வாசித்துக் காட்டிய கதைகள்தான். அந்தக் கதைகளில் இருந்த கடல் நான் வெட்டி ஒட்டிய கடல். அதில் ஒருவரும் சாகவில்லை. அந்தக் கடலை நம்பி நீ புறப்படுகிறாயோ என்பதுதான் என் முதல் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் செய்த குற்றத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

உனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வருவாய். அம்மா இறால் கம்பெனி வேலை முடிந்து வர ஆறு மணியாகும். அதுவரை நீ என் பொறுப்பு. அட்டைக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, "கத வாசிங்கப்பா" என்பாய். பள்ளிக்கூட நூலகங்களிலிருந்து முதுகு பிரிந்த புத்தகங்கள் சாக்குச் சாக்காக வருகிற கடை அது. வெளிநாட்டு நாவல்களைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கித் தமிழில் போட்ட பழைய புத்தகங்கள் அதில் நிறைய இருக்கும். தாள் மட்டம், படங்கள் அதைவிட மட்டம். ஆனால் கதை இருக்கிறதே, அம்மாடி! ஊசியும் நூலுமாக வருடக்கணக்கில் அந்தப் புத்தகங்களைத் தைத்தவன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒழுங்காகப் பார்த்தது உனக்காகத்தான். பழைய கடைகளில் அதே புத்தகங்களைத் தேடி வாங்கி, உனக்கென்று பச்சைக் காலிக்கோ துணி போட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுத்தேன். நீ வருவதற்கு முன்னால், மதியம் சாப்பிட்டதும், அன்றைக்கு வாசிக்க வேண்டியதை ஒரு தடவை எனக்குள் வாசித்து வைத்துக்கொள்வேன். நல்லா ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க வேண்டும் என்பதற்காக என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

அந்தச் சமையல்காரர் கதை உனக்கு நினைவிருக்கும். காணாமல் போன தகப்பனைத் தேடி, உப்பு ஏற்றிப்போகும் கப்பலில் ஒளிந்து ஏறுகிறாள் ஒரு பெண். மாவுப் பீப்பாய்க்குள் அவளைக் கண்டுபிடிக்கிற கப்பல் சமையல்காரர் காட்டிக்கொடுக்காமல் சோறு போடுகிறார், நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்லக் கற்றுத்தருகிறார். உனக்கு அவர்மேல் அப்படி ஒரு பைத்தியம். அவர் பேசுகிற இடம் வந்தால் நான் தொண்டையைக் கனைத்துக் கட்டைக் குரலில் பேச வேண்டும். அந்த வாரம் உன் சூசை மாமா வள்ளத்தில் தங்கல் போயிருந்தார். மூன்று நாள் கடலிலேயே இருந்து பிடித்துவிட்டு வருகிற தொழில். புதன்கிழமை மதியம் நான் தொண்ணூற்று ஏழாம் பக்கத்துக்கு வந்தேன். புயல். மூன்றாவது பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இதில் யார் போகப்போகிறார் என்று. புத்தகம் எப்படி உருவாகிறது என்று நீ என்னிடமே பார்த்திருக்கிறாய்: பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சடித்து மடித்தால் ஒரு ஃபாரம், அப்படி எட்டு ஒன்பது ஃபாரத்தைச் சேர்த்துத் தைத்தால் ஒரு பிள்ளைப் புத்தகம். ஏழாவது ஃபாரம் தொண்ணூற்று ஏழில் ஆரம்பித்து நூற்றுப் பன்னிரண்டில் முடிந்தது. நூலை அறுத்தேன், அதை மட்டும் உருவினேன், மிச்சத்தைத் தைத்து முதுகில் பசை தடவினேன். நீ நாலரை மணிக்கு வந்தபோது புத்தகம் காய்ந்திருந்தது.

பாவி, ஒன்றை மறந்துவிட்டேன். தொண்ணூற்று ஆறாம் பக்கத்தின் கடைசி வரியில் அவர் பாட்டுப் பாடிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறார். நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தின் முதல் வரியில் அந்தப் பெண் தனியாக ஒரு கரையில் பாவாடையைக் காயப்போடுகிறாள். நீ காலை ஆட்டுவதை நிறுத்தினாய். "அப்பா, அந்தச் சமையக்காரரு எங்க?" என்றாய். "அவரு ஊருக்குப் போயிட்டாரு" என்றேன். "எந்த ஊருக்கு?" சுவரில் தசரா நோட்டீஸ் ஒட்டியிருந்தது, கண் அதில் விழுந்தது. "குலசைக்கு. தசரா பாக்க." "கப்பல வுட்டுட்டா?" "லீவு போட்டுருக்காருளா, வாசிக்க வுடுதியா இல்லையா" என்று உன்னையே அதட்டினேன். பொய் சொல்கிறவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும், கவனித்திருக்கிறாயா? மறுநாள் மாமா நல்லபடியாகக் கரைக்கு வந்தார். நான் அந்த ஃபாரத்தைக் கழற்றியதால்தான் வந்தார் என்று என் மனசு சொன்னது. சிரிக்காதே. இன்றைக்கும் அது அப்படித்தான் சொல்கிறது.

அடுத்த வருடம் தசராவுக்கு உன்னைக் குலசேகரன்பட்டினம் கூட்டிப்போனேன். கருப்பட்டிக் கடை வைத்திருக்கிற என் கூட்டாளி முத்துராஜ் அண்ணாச்சி வருடாவருடம் காளி வேஷம் கட்டுவார், அவரைப் பார்க்கத்தான் போனோம். போலீஸ் வேஷம், கரடி வேஷம், நர்ஸ் வேஷம் என்று கூட்டம் அலைமோதியது. நீ என் கையை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாய். பயந்து பார்க்கிறாய் என்று நினைத்தேன். அண்ணாச்சி பத்துக் கையோடும் தொங்குகிற நாக்கோடும் குனிந்து உன் கன்னத்தைத் தட்டியபோது, நீ கொஞ்சமும் அசராமல், "நீங்க உப்புக் கப்பல்ல சமையலா இருந்தீங்களா?" என்று கேட்டாய். அவர் நாக்கைக் கழற்றிவிட்டு, "இல்லம்மா, நான் கருப்பட்டிக் கடைல்லா வச்சிருக்கேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெட்கம் கெட்டவன். பஸ்ஸில் வரும்போது நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அவரு அங்கன இல்லப்பா" என்றாய். "அடுத்த வருசம் பாப்போம்" என்றேன். அடுத்த வருடம் நீ வரவில்லை என்றுவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு கதையிலும், யார் எங்கே போனார் என்று நீ என்னிடம் கேட்டதே இல்லை. பிள்ளைக்குக் கேள்வி கேட்கிற வயசு தாண்டிவிட்டது, அப்பாடா என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

கை பழகிவிட்டது அல்லவா, நிறுத்த முடியவில்லை. கடையில் உன் புத்தகப் பெட்டியில் இருக்கிற பதினொரு புத்தகங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு ஃபாரம் குறையும். நாய் சாகிற கதையில் நாய் சாகிற இடம், குளிரில் ஒரு தம்பி படுத்த படுக்கையாகிற இடம், காட்டு வீட்டில் தீப்பிடிக்கிற இடம். போதாததற்கு, பைண்டிங்குக்கு வந்த பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றிலும் கையை வைத்தேன். அது உன் வகுப்பு நூலகத்துக்குப் போகிற புத்தகம், நீ எடுத்து வாசித்துவிடுவாயே என்ற பயம். நூலகத்தைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "நடுவுல பதினாறு பக்கத்தக் காணோமே, என்னாச்சு?" என்றார். "கரையான் அரிச்சிருக்கு சிஸ்டர், எடுத்துப் போட்டுட்டேன்" என்றேன். "ஒங்க பசையில துத்தம் போட்டிருக்கு, கரையான் கிட்டயே வராதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?" என்றார். "அது நான் ஒட்டுறதுக்கு முந்தி அரிச்சது" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நீ அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்து இட்டலி தின்றுகொண்டிருந்தாய். உன்னை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் இப்படிச் செய்தேன் என்பதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. சுவரில் மாலை போட்ட படத்தில் இருக்கிற உன் பெரியப்பா சங்கு குளிக்கப் போய்த் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டார் என்று உனக்குத் தெரியும். அந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது தெரியாது. எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பரிசாக ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள், அதுவும் கடல் கதைதான். ஞாயிறு தவிர எல்லா நாளும் அண்ணன் விடியக் கடலுக்குப் போய்விடுவான். அன்றைக்கு மதியம், அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், அப்பா வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார், நான் பெருமையாகச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன். ஒரு மாலுமி தண்ணீருக்குள் போகிற இடம் வந்தது. நம் வீடுகளில் ஆள் கடலில் இருக்கும்போது அந்தப் பேச்சே எடுக்க மாட்டார்கள். மாமா கடலில் இருந்தால் உன் அம்மா விளக்கு அணைந்தது என்றுகூடச் சொல்வதில்லை, அமர்ந்தது என்றுதானே சொல்கிறாள். அம்மா கத்தியை வைத்துவிட்டு, "ஏலே, நிறுத்துலே. அவன் தண்ணிக்குள்ள கெடக்கான், இவன் இங்கன இருந்து என்னத்த படிக்கான் பாரு" என்றாள். "ரெண்டே பக்கந்தாம்மா" என்று சொல்லிவிட்டு நான் வாசித்து முடித்தேன். அந்த மாலுமி சாகிற இடத்தில் குரலை நன்றாக இறக்கி வாசித்தேன். மூன்று மணிக்குப் படகு வந்தது. அண்ணன் வரவில்லை. மறுநாள்தான் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

யாரும் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. எட்டாம் நாள் கழிந்து அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல், "ஏலே, அந்தக் கதைல வார ஆளு, கடைசில பொழச்சானாலே?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான், பிறகு அவர் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை. நாற்பத்து நான்கு வருடமாக அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அச்சடித்த கதைக்கும் அண்ணன் செத்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். முட்டாள் இல்லை நான். தெரிந்தும், பக்கத்தில் அந்த வார்த்தை வந்தால் என் கை கத்தியைத் தேடுகிறது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நீ பயிற்சி முடித்துச் சென்னையிலிருந்து வந்த அன்று சொன்னாய், "அப்பா, அந்தப் பெட்டியில இருக்க உப்புக் கப்பல் கத வேணும், வேற ஒண்ணு நீங்களே பாத்து எடுங்க, கப்பல்ல வாசிக்கணும்." உன் குரலில் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குத் திக்கென்றது. சரி, நீ கையில் எடுப்பதற்கு முன்னால் பக்கங்களைத் திரும்ப வைத்துத் தைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். பார், அப்போதும் மறைக்கத்தான் பார்க்கிறேன். கழற்றிய ஃபாரங்களை நான் எறியவில்லை, அச்சடித்த தாளை எரிக்க மனசு வராது. கடையில் வெட்டும் மிஷினுக்கு மேலே பழுப்புத் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். அதை இறக்கி வைத்துவிட்டு, புத்தகத்தைத் தொண்ணூற்று ஆறாம் பக்கத்தில் பிரித்தேன். பக்கத்தின் அடியில் பென்சிலில், உன் எட்டு ஒன்பது வயசுக் கையெழுத்தில், இப்படி எழுதியிருந்தது: "97 முதல் 112 வரை இல்லை. கரையான் இல்லை. அப்பா எடுத்துட்டாங்க. சமையல்காரர் செத்துட்டார். கேக்கக் கூடாது. அப்பா அழுவாங்க." கேக்கக் கூடாது என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

பக்க எண்ணை மறந்த முட்டாள் பைண்டர் உலகத்தில் வேறு எவனாவது உண்டா? பிறகு மற்றப் புத்தகங்களையும் எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம். பதினொன்றிலும் குறிப்பு இருந்தது. நாய்க் கதையில் "நாய்" என்று ஒரே வார்த்தை. குளிர் கதையில் "தம்பி". காட்டு வீட்டுக் கதையில், எண்பதாம் பக்கத்தின் அடியில், "எல்லாரும்" என்று எழுதியிருந்தாய். மகளே, அந்த ஃபாரத்தை நான் முழுக்க வாசிக்கக்கூட இல்லை. அத்தியாயத்தின் தலைப்பில் தீ என்று இருந்தது, உடனே கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு கதை வேறு ஊருக்குப் போய்விடுகிறது, அந்த வீட்டார் திரும்ப வருவதே இல்லை. செவ்வாய்க்கிழமைதான் உட்கார்ந்து வாசித்தேன். அதில் ஒருவரும் சாகவில்லை. வீட்டில் இருந்த ஆறு பேரும் தப்பித்து வெளியே வந்து, எரிகிற வீட்டைப் பார்த்துக்கொண்டு கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். கதை எழுதியவர் காப்பாற்றிக் கொடுத்த ஆறு உயிரை நான் உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். நீ அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்து, நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு, எல்லாரும் செத்துப்போனதாக மனசுக்குள் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் காலை ஆட்டியிருக்கிறாய். பயமுறுத்துகிற பக்கத்தைப் பிள்ளை வாசிக்கக் கூடாது என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தை நான் வாசித்திருந்தால் பக்கத்தில் நான் இருந்திருப்பேன், நீ என் தோளில் முகத்தை வைத்து அழுதிருப்பாய், பிறகு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பேன். அதைத்தானே அந்தக் கதை எழுதினவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள்? நான் பக்கத்தை எடுத்தேன், உன்னைத் தனியாக விட்டுவிட்டேன்.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் காட்டினேன். நீ அப்போது கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். அவள் எல்லாக் குறிப்பையும் வாசித்துவிட்டு புத்தகங்களை அடுக்கி வைத்தாள். பிறகு, "இன்னொண்ணு இருக்கு. அவ சொல்லக் கூடாதுன்னா. இனிமேலும் மறச்சா நல்லால்ல" என்றாள். பயிற்சியில் உயரமான மேடையிலிருந்து தண்ணீருக்குள் குதிக்கிற நாளில் நீ நின்ற இடத்திலேயே உறைந்து போனதைச் சொன்னாள். மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்கி வந்தாயாம். நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு குதித்தாயாம். அதற்கு முந்தின இரண்டு நாளும் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாம். அன்றைக்குச் சாயங்காலம் நீ எனக்கும் போன் செய்தாய், நன்றாக நினைவிருக்கிறது. "சூப்பரா குதிச்சேம்பா, ஒண்ணுமே இல்ல, நீச்சல் குளந்தான" என்றாய். நான் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மாவிடம் மட்டும், "அப்பாட்ட சொல்லாதீங்கம்மா, அப்பா பயந்துருவாங்க" என்றிருக்கிறாய்.

நான் சொன்ன பெரிய பயம் இதுதான். நீ பயப்படத் தெரியாதவளாக வளர்ந்துவிட்டாய் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இல்லை, நீ என்னைவிட நன்றாகப் பயப்படுகிறாய். அதை எனக்குத் தெரியாமல் கழற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தைத்து அழகாகக் கொடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாய். யாரிடம் கற்றாய் என்று கேட்கவா வேண்டும்? பத்தாம் வகுப்பில் உன் சிநேகிதி உன்னோடு பேசாமல் போனபோது "சும்மாதாம்பா" என்றாயே, விடுதியில் முதல் வருடம் "சாப்பாடு நல்லாருக்குப்பா" என்றாயே, அவற்றில் எத்தனை பக்கம் குறைந்தது? இனி நான் உன்னை எந்தக் கடலில் போய்த் தேடுவேன்? நடுக்கடலில், இத்தனை இரும்புக்கு நடுவில், உனக்கு ஒன்று ஆகும்போது நீ "நல்லா இருக்கேம்பா" என்று ஒரு வரி அனுப்புவாய். நான் அதை நம்பி இட்டலி தின்றுகொண்டிருப்பேன். கடலைவிட எனக்கு அந்த ஒரு வரிதான் பயமாக இருக்கிறது.

போகாதே என்று சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டும் என்று நாக்கு துடிக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாலாவது தடவை ஏறிக் குதித்த பிள்ளையைத் தடுக்க எனக்கு யோக்கியதை கிடையாது. புதன்கிழமையும் வியாழக்கிழமையும் கடையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து பதினொரு புத்தகத்தையும் பிரித்து, எல்லா ஃபாரத்தையும் அதது இருந்த இடத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். உன் பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. நீ கேட்ட உப்புக் கப்பல் கதையோடு காட்டு வீட்டுக் கதையையும் வைத்திருக்கிறேன். அதில் அந்த ஆறு பேரும் இருக்கிறார்கள், முதலில் அதைப் பார். சிஸ்டருக்கும் ஒரு கடிதம் எழுதி அந்தப் பதினாறு பக்கத்தையும் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டாராம், இப்போது இருக்கிறவர் ஒன்றும் புரியாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

நாளை வெள்ளிக்கிழமை. மதியம் சாப்பிட்ட பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார். தொண்ணூற்று ஏழாம் பக்கத்திலிருந்து நான் வாசிக்கிறேன். நேற்றுக் கடையில் தனியாக வாசித்துப் பார்த்தேன், மூன்றாவது பக்கத்துக்கு மேல் குரல் வரவில்லை. உன் மாமா வேறு நேற்றுதான் தங்கல் போயிருக்கிறார். ஆள் கடலில் இருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று உன் அம்மா நிச்சயம் சத்தம் போடுவாள். போடட்டும். நீ சனிக்கிழமை போய்விட்டால் நம் வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் கடலில்தான் இருக்கப் போகிறார், பிறகு நாம் எப்போதுதான் பேசுவது? நான் நிறுத்தினால் நீ வாசி. நீ நிறுத்தினால் நான் வாசிக்கிறேன். யார் அழுதாலும் யாரும் எழுந்து போகக் கூடாது.

கப்பலில் ஏறிய பிறகு, சிக்னல் கிடைக்கிற இடத்தில், என்றைக்காவது உனக்குப் பயம் வந்தால், அம்மாவுக்கு அல்ல, எனக்கு போன் செய். "அப்பா, பயமா இருக்கு" என்று சொல். நான் தைரியம் சொல்வேன் என்று எதிர்பார்க்காதே, எனக்கு அது தெரியாது. எனக்கு வாய் உளறும், சாப்பிட்டியாளா என்று நாலு தடவை கேட்பேன். நீ விடாமல் முழுசையும் சொல். நான் போனை வைக்க மாட்டேன், மகளே.